யாரும் இல்லாத மலையில் ஒரு சிவப்புப் புள்ளி

செப்டம்பர் 26, வெள்ளி

மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்து இன்றோடு நூறு நாள். நூறாவது நாள் போஸ்டர் ஒட்டத்தான் ஆளில்லை. சரி, நாமே கொண்டாடுவோம் என்று இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

யாராவது திருட்டுத்தனமாகப் படித்தால் குழம்பக் கூடாது, அதனால் விவரம் சொல்லிவிடுகிறேன். நான் வளர்மதி. ஊர் நாமக்கல். அப்பா லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். இப்போது இருப்பது நியூயார்க்கிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில், ஹட்சன் ஆற்றங்கரையில், எல்லாக் கடையும் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரர் தங்கமுத்துவுக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை. எனக்கு மூன்று வருடம் வேலை பார்க்க அனுமதியே இல்லை. மூன்று வருடத்தில் பதினெட்டு வகைத் துவையல் கற்றுக்கொண்டேன். பிறகு அனுமதி வந்தது. மியூசியத்தில் ஓவியங்களைப் பெட்டியிலிருந்து பிரித்து, சுவரில் மாட்டி, திரும்பக் கட்டும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். "பாரம் தூக்கத் தெரியுமா, அளவு பார்க்கத் தெரியுமா" என்றார்கள். லாரிப் பட்டறையில் வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது!

இப்போது தற்காலிகம்தான். அக்டோபர் 18 கண்காட்சி நல்லபடியாகத் திறந்தால் நிரந்தரம் என்று மார்கரெட் சொல்லியிருக்கிறார். மார்கரெட்தான் கண்காட்சியின் க்யூரேட்டர், அதாவது எந்தப் படம், எந்தச் சுவர், என்ன விளக்கம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர். அறுபத்து மூன்று வயது. நடை மட்டும் இருபது.

இன்னொன்று. இங்கே எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசுகிறார்கள். என் காதுக்குள் வரும்போது அது நாமக்கல் பேச்சாகிவிடுகிறது. அப்படியேதான் எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஆம்ப்ரோஸ் கெட்டரிங். பிறந்து இருநூறு வருடம் ஆன ஓவியர். அதற்குத்தான் இந்தக் கண்காட்சி. மலை, ஆறு, மேகம், மரம் என்று வாழ்நாள் முழுக்க வரைந்திருக்கிறார். ஒரு படத்திலும் ஒரு மனிதர் இல்லை. ஆடு மாடுகூட இல்லை. கண்காட்சிக்குப் பெயரே "யாரும் இல்லாத மலைகள்".

"ஏனுங், இந்த மனுசனுக்கு ஆளுகளே ஆகாதுங்களா?" என்று மார்கரெட்டிடம் கேட்டேன்.

"அதைக் கண்டுபுடிக்கத்தான் ஆறு வருசமா இதைக் கட்டிட்டு அழுவறேன் மதி" என்றார்.

இவ்வளவு இடம் இருந்தும் ஒருத்தர்கூட இல்லாத ஊரை வரைந்தவர், எங்கள் தெருவுக்கு மதியம் இரண்டு மணிக்கு வந்திருப்பார் போல.

செப்டம்பர் 30, செவ்வாய்

பெரிய படம் வந்துவிட்டது. "மழைக்கு முன் பள்ளத்தாக்கு". ஒன்பது அடி அகலம். ஒகையோ மாநிலத்தில் ஒரு அம்மாவின் வீட்டிலிருந்து இரவல். இந்த வசந்த காலத்தில்தான் அழுக்கெடுத்துச் சுத்தம் செய்தார்களாம். வந்தவுடன் பிரிக்கக் கூடாது. அறையின் குளிரும் ஈரமும் படத்துக்குப் பழக வேண்டும், அதற்குப் பெட்டி ஒருநாளாவது சும்மா கிடக்க வேண்டும். கல்யாணம் ஆகி வந்த பெண்ணைக்கூட நம் ஊரில் இவ்வளவு பொறுமையாகப் பழகவிட மாட்டார்கள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை!

லீவு கிடையாது. அதற்காக விட்டுவிட முடியுமா? பட்டறையில் அப்பா ஒரு ஸ்பேனரைக்கூட விட மாட்டார். இன்று காலை டெனிஸ் வருவதற்குள் டிரில், ஏணி, தள்ளுவண்டி, ரசமட்டம் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். அந்த அறையில் கையுறை கட்டாயம். அதனால் கழற்றாமல், கையுறையோடேயே மோதிர விரலால் சந்தனம் குங்குமம் வைத்தேன். பெரிய பெட்டிக்கும் மூலையில் ஒரு பொட்டு. பெட்டிக்குத்தான். படம் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

டெனிஸ் என் கூட்டாளி. ஆறடி மூன்றங்குலம், முப்பத்தொரு வருட சர்வீஸ், டிசம்பரில் ஓய்வு. வந்து பார்த்தார்.

"ஏம்மா மதி, டிரில்லுக்கு ஏதாச்சும் ஒடம்புக்கு முடியலையா?"

"இல்லீங். வருசம் பூரா நமக்கு ஒழைக்குதில்லீங், இன்னிக்கு ஒரு நாள் நாம கும்புடறோம்."

தலையாட்டினார். பிறகு காருக்குப் போய், முப்பது வருடப் பழைய சுத்தியல் ஒன்றை எடுத்து வந்து, அதற்கும் பொட்டு வைக்கச் சொல்லி என் முன் நீட்டினார். வைத்தேன். பொரியும் சுண்டலும் கொடுத்தேன். பொரியை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். ஒரு படி பொரியை அப்படிச் சாப்பிட்டால் ஓய்வு பெறும்வரை காணும்.

அக்டோபர் 2, வியாழன்

பெட்டி பிரித்தோம். முதலில் படிவம். எந்தப் படம் வந்தாலும் டார்ச் அடித்து, கீறல், விரிசல், கறை எல்லாவற்றையும் எழுதி, இருவர் கையெழுத்துப் போட வேண்டும். படம் எங்கே போனாலும் அந்தக் காகிதமும் கூடவே போகும். ஜாதகம் மாதிரி. கறை இல்லை, கீறல் இல்லை என்று நான் சொல்லச் சொல்ல டெனிஸ் எழுதினார். நான் மேலே, அவர் கீழே கையெழுத்து. அப்புறம் நாலு பேர் சேர்ந்து தூக்கி மாட்டினோம். கீழ் இடது மூலை என்னுடையது. புதுக் கையுறை தீர்ந்துவிட்டது, நேற்றையதையே போட்டுக்கொண்டேன். தோள் வலி. தங்கமுத்து ரசம் வைத்தார். நல்ல மனிதர், புளியைத்தான் அளக்கத் தெரியாது.

அக்டோபர் 3, வெள்ளி

மியூசியமே அமளி துமளி.

காலையில் மார்கரெட் பெரிய படத்தின் முன்னால் சிலையாக நின்றுகொண்டிருந்தார். கீழே இடது பக்கம், ஆற்றோரப் பாறைமேல், கடுகளவு சிவப்பு.

"மதி, உனக்குத் தெரியுதா? அது ஒரு ஆளு."

"எங்கீங்?"

"சிவப்புப் போர்வை போத்திட்டு ஒரு பொம்பளை. கெட்டரிங் ஒரே ஒரு ஆளை வரைஞ்சிருக்கறாரு! இத்தனை வருசம் அழுக்குக்குள்ள கெடந்துட்டு, கழுவினதும் வெளிய வந்திருக்கறா."

கெட்டரிங்கின் மனைவி ஹானா அவரோடு மலைமலையாகச் சுற்றியவராம். முப்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அந்த வருடம் வரைந்த படம் இது. சொல்லிக்கொண்டே மார்கரெட் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. உற்றுப் பார்த்தேன். ஆமாம், பெண்தான். லேசாகக் குனிந்து தண்ணீரைப் பார்க்கிறாள்.

அக்டோபர் 4, சனி

வீடு பெருக்கினேன். துணி துவைத்தேன். எத்தனையோ சிவப்பு இருக்கிறது உலகத்தில்.

அக்டோபர் 6, திங்கள்

குங்குமம் வேறு சிவப்பு. கொஞ்சம் கருஞ்சிவப்பு. படத்தில் இருப்பது சற்றே வெளிர். மேலும் நான் பொட்டு வைத்தது பெட்டிக்கு.

பழைய கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டேன். சுத்தம் முக்கியம்.

அக்டோபர் 8, புதன்

பத்திரிகைக்காரர் வந்தார். கேமராவும் வந்தது. மார்கரெட் உதட்டுச்சாயம் போட்டிருந்தார், நான் பார்ப்பது இதுவே முதல் தடவை. ஆறு வருடமாக இந்த ஓவியரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, இன்று அரைமணி நேரம் கேட்டார்கள் என்று வாசல்வரை வந்து என்னிடம் சொன்னார். மியூசிய இயக்குநரே கீழே இறங்கி வந்து அவருக்குக் கைகொடுத்தார். இயக்குநர் இறங்கி வருவதெல்லாம் தீ எச்சரிக்கை மணி அடித்தால்தான்.

அக்டோபர் 9, வியாழன்

தலைவலி. வேலைக்குக் கடுக்காய் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

பேப்பரில் வந்துவிட்டது. முதல் பக்கம், அந்தச் சிவப்பை மட்டும் பெரிதாக்கி. தங்கமுத்து தோசை தின்றுகொண்டே பார்த்தார். தோசையை வைத்தார். பேப்பரைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏன் மதி, இது பாக்கறக்கு நம்ம சாமி ரூம்ல இருக்கற குங்குமமாட்டவே இருக்குது?"

"உங்களுக்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும். தோசையத் தின்னுங்க."

"இல்ல, அன்னிக்கு நீ குங்குமச் சிமிழை எடுத்துட்டுப் போனியே..."

"தின்னுங்கன்னு சொல்றேனில்ல!"

அவர் தோசையைத் தின்று முடித்தார். பிறகு நான் உட்கார்ந்து அழுதேன். சரி, எழுதியே விடுகிறேன். யாருக்கு ஒளிக்கிறேன், இந்த நோட்டுக்கா? படம் மாட்டும்போது சட்டம் வழுக்கியது. குங்குமம் ஒட்டிய கையுறையின் மோதிர விரல் உள்ளே போய் ஓவியத் துணியைத் தொட்டது. எனக்குத் தெரியும். மூன்றாம் தேதி பார்த்த உடனேயே தெரியும். நூற்றைம்பது வருடப் பெண் இல்லை அது, நாமக்கல் கடைவீதியில் அம்மா வாங்கி அனுப்பிய குங்குமம்.

தங்கமுத்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சொல்லீரு." சொல்வது அவருக்கு எளிது. அவருக்கு வேலை இருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

தம்பி போன் செய்தான். ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாம் நன்றாக நடந்ததாம். "அங்க நீ கும்புட்டயாக்கா?" என்றான். கும்பிட்டேன், ரொம்ப விசேஷம், பேப்பரில்கூட வந்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது.

அக்டோபர் 14, செவ்வாய்

சுவரில் ஒட்டும் விளக்க அட்டைக்கு மார்கரெட் நாலு தடவை வாசகம் மாற்றினார். "ஹானாவாக இருக்கலாம்" என்றிருந்தது "ஹானா" ஆனது.

மதியம் பூதக்கண்ணாடியோடு படத்தின் முன்னால் வெகுநேரம் குனிந்திருந்தார். நான் ஏணியோடு உள்ளே போனதும் கண்ணாடியைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் என் நெற்றியைப் பார்த்து, "அது என்னத்துல செய்யறது மதி?" என்று கேட்டார். மஞ்சளும் சுண்ணாம்பும் என்றேன். "ஓ" என்றார். அழகாக இருக்கிறதே என்று கேட்டிருப்பார்.

படம் பழுதுபார்க்கும் அம்மா வெள்ளிக்கிழமை கடைசியாக ஒரு பார்வை பார்க்க வருவதாக இருந்தது. வேண்டாம், எல்லாம் சரியாக இருக்கிறது என்று மார்கரெட் போனில் சொன்னது கேட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கமாகவும் இருந்தது.

அக்டோபர் 15, புதன்

வேலைக் காகிதம் கொடுத்துவிட்டார்! நிரந்தரம். மருத்துவக் காப்பீடு, வருடம் மூன்று வாரம் விடுமுறை. கண்காட்சி முடிந்து கொடுப்பதாக இருந்ததை இன்றே கொடுத்தார். "கையெழுத்துப் போட்டுக் குடு, அவசரமில்ல" என்றவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். நாலு வருடமாக நான் கேட்டது இதுதான். இந்த ஊரில் என்னை யாராவது ஒருநாள் காணோமே என்று தேட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்போது வராவிட்டால் தேடுவார்கள், காகிதத்தில் எழுதியிருக்கிறது.

கையெழுத்துப் போடவில்லை. பேனா கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் டெனிஸ் பழைய படிவங்களையெல்லாம் கட்டிக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுக்கு முன் ஒழுங்கு செய்கிறாராம்.

"முப்பத்தோரு வருசம், ரெண்டாயிரத்துச் சொச்சம் படிவம். ஒண்ணுலகூட இதுவரைக்கும் யாரும் தப்பு சொன்னதில்ல, தெரியுமாம்மா?" என்றார்.

பெரிய படத்தின் படிவம் மேலேயே இருந்தது. கறை இல்லை. என் கையெழுத்து. அதற்குக் கீழே அவருடையது.

அதற்குமேல் தாங்கவில்லை. படம் திரும்பி ஒகையோ போகும், அங்கே யாராவது பஞ்சால் தொட்டால் தெரிந்துவிடும், டெனிஸின் பெயரும் சேர்ந்து கெடும். நேரே மார்கரெட் அறைக்குப் போய் வேலைக் காகிதத்தை மேசைமேல் வைத்தேன்.

"அது ஹானா இல்லீங். என்ற குங்குமமுங். மாட்டறப்ப என்ற வெரல் பட்டுருச்சு. மூணாந்தேதியே தெரியும், சொல்லாம இருந்துட்டேன்."

அவர் அதிரவில்லை. அதுதான் என்னை அதிரவைத்தது.

"எனக்குச் செவ்வாக்கெழமையே தெரியும்" என்றார். "கண்ணாடி வெச்சுப் பாத்தேன். செவப்பு வார்னிஷுக்கு மேல கெடக்குது. அவரு வரைஞ்சிருந்தா அடியில இருக்கோணும்."

"அப்ப எதுக்குங் இந்தக் காயிதம்?"

"நீ நல்லா வேலை செய்யற, அதுக்கு." காகிதத்தைப் புரட்டிவிட்டு, "இல்ல. அதுக்கும், நீ வாயத் தொறக்காம இருக்கறதுக்கும்தான்" என்றார்.

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்கே சொல்லோணுமா மதி? சனிக்கெழமை ஒரு நாள். நானூறு பேர் வர்றாங்க. இந்த மனுசனுக்கு நானூறு பேர் வந்ததே இல்ல. ஞாயித்துக்கெழமை சொல்லிக்கலாம்."

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. அம்மா வயசு. "டெனிஸ் கையெழுத்து இருக்குதுங்" என்று மட்டும் சொன்னேன்.  வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதம் முழுவதையும் தின்றேன். துக்கத்தில் பசி எடுக்காது என்பதெல்லாம் சும்மா.

அக்டோபர் 17, வெள்ளி

அவர் சொல்லாவிட்டால் நானே இயக்குநரிடம் போய்ச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு போனேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை பார்த்தேன். வீணாய்ப் போயிற்று. பெரிய படத்தின் முன்னால் மார்கரெட், டெனிஸ், வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்தப் பழுதுபார்க்கும் அம்மா, மூவரும் நின்றிருந்தார்கள்.

மார்கரெட் முகம் வீங்கியிருந்தது. "வா, உனக்காகத்தான் காத்திட்டிருக்கறோம்" என்றார்.

அந்த அம்மா மென்மையான தூரிகையால் ஒரு தட்டு தட்டினார். பாதி போயிற்று. மீதிக்கு ஒரு குச்சியில் பஞ்சு சுற்றி, நாக்கில் நனைத்து, மெல்ல உருட்டினார். எச்சில்! ஓவியத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லையாம். எங்கள் வீட்டில் குங்குமத்தை எச்சில் தொட்டு அழித்தால் முதுகில் விழும். கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.

பாறை வெறும் பாறையாகிவிட்டது.

டெனிஸ் படிவத்தை எடுத்தார். "கறை, கீழ் இடது ஓரம், கடுகளவு, குங்குமம், மாட்டும்போது என் விரல் பட்டது, நீக்கப்பட்டது" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். "ஏம்மா, எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிச்சுக்கோங் என்றேன். பொரி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

ஒகையோ அம்மாவுக்கு மார்கரெட்டே போன் செய்தார். பேப்பருக்கும். அப்புறம் இயக்குநர் அறைக்குப் போனார், ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. "ஹானா" என்ற சுவரட்டையைக் கிழித்தோம்; புதிதாக அடிக்க நேரமில்லாமல், அதற்கு முன்பே அடித்து வைத்திருந்த பழைய அட்டையையே ஒட்டினோம். மனிதர் இல்லை, ஆறு, பாறை, மேகம்.

அக்டோபர் 18, சனி

திறப்பு விழா. நானூறு இல்லை, ஐந்நூற்றுக்கு மேல். எல்லாரும் அந்தச் சிவப்புப் பெண்ணைப் பார்க்க வந்தவர்கள். பேப்பரின் திருத்தம் காலையில்தான் வந்தது, பத்தாம் பக்கம், மெத்தை விளம்பரத்துக்குக் கீழே.

மார்கரெட் மைக் முன்னால் ஏறி, எழுதிவைத்த பேச்சை மடித்தார். நடந்ததை நடந்தபடி சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. "எங்கள் பணியாளர் ஒருவரின் பூஜைக் குங்குமம்" என்றார். ஆனால், "தெரிந்த பிறகும் இரண்டு நாள் மறைத்தது நான்" என்பதைத் தன் பேரிலேயே சொன்னார். அது தேவையே இல்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

 பின்னாலிருந்து யாரோ சிரித்தார். அப்புறம் கூடமே சிரித்தது. மார்கரெட்டும் சிரித்தார், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் மட்டும் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவரும் திரும்பிப் போகவில்லை. அத்தனை பேரும் அந்தப் பாறையின் முன்னால் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. திங்கள்கிழமை மியூசியம் மூடியிருக்கும், அதனால் வீட்டில்தான்.

காலையிலேயே இயக்குநரின் மின்னஞ்சல். நிரந்தர வேலை இல்லை. கண்காட்சி முடியும் ஜனவரி நாலாம் தேதிவரை மட்டும். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். எண்ணெய் வைத்த தலையோடு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம் இல்லை, இரண்டு மூன்று நிமிடம்.

மதியம் மணி அடித்தது. வாசலில் மார்கரெட், கையில் கேக். தங்கமுத்து பதறிப்போய் வேட்டியோடு பேன்ட்டைத் தேடி ஓடினார். உள்ளே அழைத்து முறுக்கு வைத்தேன். எனக்காக இயக்குநரிடம் சண்டை போட்டாராம், தோற்றுவிட்டாராம். அவருக்கும் எச்சரிக்கைக் கடிதமாம். வேறு இரண்டு மியூசியங்களுக்கு என்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், குங்குமத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன் என்றார்.

முறுக்கைக் கடித்துக்கொண்டே வீட்டுக் கதை சொன்னார். அவர் வீட்டில் அவர் ஒருத்தர்தான், பூனைகூடக் கிடையாது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"ரெண்டு வாரம் அந்தப் புள்ள அங்க நின்னுட்டிருந்தது நல்லாத்தான் இருந்துச்சு மதி" என்றார்.

"எனக்குந்தானுங்" என்றேன்.

தட்டு காலியாகியிருந்தது. இன்னும் நாலு முறுக்கு எடுத்து வைத்தேன்.